கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு செயலிகள் தவழ்ந்தால் எங்கிருந்து தேடுவது

உபுண்டு லினக்ஸில் கர்னல் (வன்பொருளுக்கும் செயலிகளுக்கும் நடுவே நிற்கும் மைய நிரல்) மாறி ரீபூட் ஆனபின் சிஸ்டம் தவழ்கிறதா? எதையும் மாற்றாதீர்கள். முதலில் பழைய கர்னலில் ஏறி, அதே வேலையைச் செய்து பாருங்கள். பத்து நிமிடம் பிடிக்கும். ஆனால் அடுத்து எந்தத் திசையில் தேட வேண்டும் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நெட்டில் தேடிக் கிடைத்த வைத்தியத்தையெல்லாம் வரிசையாக ஒட்டிப் பார்த்தால், எது நோய், எது மருந்தால் வந்த கோளாறு என்று பிறகு பிரிக்கவே முடியாது.

மதுரையில் புத்தக வடிவமைப்பு செய்கிற ஓர் இடத்தில் உபுண்டு சிஸ்டங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஸ்கிரைபஸ், இன்க்ஸ்கேப், லிப்ரேஆஃபீஸ், ஃபயர்ஃபாக்ஸ் இவைதான் அங்கே நாள் முழுக்க ஓடும். பாதி நேரம் நான் போனில்தான் வழி சொல்வேன். அதனால் கட்டளைகளை இங்கேயும் போனில் சொல்கிற மாதிரி, ஒலிக்கிறபடியே எழுதுகிறேன். மைனஸ் என்றால் சிறுகோடு, மைனஸ் மைனஸ் என்றால் அடுத்தடுத்து இரண்டு சிறுகோடு.

பழைய கர்னலிடம் கேட்பது

டெர்மினலில் ‘யூநேம் மைனஸ் ஆர்’ அடித்தால் இப்போது ஓடும் கர்னலின் எண் வரும். அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உபுண்டு புதுக் கர்னலை நிறுவும்போது முந்தையதை அழிப்பதில்லை. சிஸ்டம் தொடங்கும்போது எந்தக் கர்னலில் ஏறுவது என்று தேர்ந்தெடுக்கிற கிரப் மெனுவில் அது இருக்கும். புதிய வகையான யூஇஎஃப்ஐ சிஸ்டமானால் கம்பெனி லோகோ மறைகிற நேரத்தில் எஸ்கேப் விசையை ஒரேயொரு தரம் தட்ட வேண்டும். படபடவென்று தட்டினால் மெனுவைத் தாண்டி கிரப்பின் கட்டளை வரியில் போய் நிற்கும். பழைய பயாஸ் சிஸ்டமானால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்திருங்கள். மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ வரிக்குள் போய், ரிக்கவரி என்று போடாத பழைய எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

“அக்கா, புதுக் கர்னல்தானே காரணம்?” என்று கேட்காத தம்பி எங்கள் இடத்தில் கிடையாது. “இரு தம்பி, பழசுல ஏறி அதே ஃபைலைத் திற. எவ்வளவு நேரம் ஆகுதுன்னு போன்லயே ஸ்டாப்வாட்ச் வச்சுச் சொல்லு” என்பதுதான் என் பதில். “ஸ்லோவா இருக்கு” என்பதை வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது. அதே ஸ்கிரைபஸ் ஃபைல் பழைய கர்னலில் 9 விநாடியிலும் புதியதில் 40 விநாடியிலும் திறந்தால், அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். இரண்டு கர்னலிலும் ஒரே ஃபைல், ஒரே செயலி, லாகின் ஆகி ஐந்து நிமிடம் கழித்து. அந்த ஐந்து நிமிடத்துக்குக் காரணம் உண்டு. அப்டேட் ஆன புதிதில் செயலிகளை நிறுவிப் புதுப்பிக்கும் ஸ்னாப் தன் வேலையைச் செய்யும், ஃபைல் அட்டவணை போடும் நிரல் ஓடும். மேசா கிராஃபிக்ஸ் நூலகமும் சேர்ந்து மாறியிருந்தால், அது சேமித்து வைத்திருந்த ஷேடர்களை (கிராஃபிக்ஸ் கார்டுக்கான சிறு நிரல்களை) மறுபடி உருவாக்கும். இந்த முதல் மந்தம் தானே தீர்ந்துவிடும்.

விடை தெரியும்வரை ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ ஓட்டாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய கர்னலையே அது அழித்துவிடக்கூடும்.

பழையதிலும் அதே மந்தமா? அப்படியானால் கர்னலை விட்டுவிடுங்கள். ரீபூட் ஆகும்போது புதிதாக ஏறுவது கர்னல் மட்டுமல்ல, சில நாட்களாக அப்டேட் ஆகி ரீபூட்டுக்காகக் காத்திருந்த எல்லாமே அப்போது ஏறும். ‘வார்’ ஃபோல்டரின் ‘லாக்’ ஃபோல்டருக்குள் ‘ஆப்ட்’ ஃபோல்டரில் ‘ஹிஸ்டரி டாட் லாக்’ இருக்கிறது. எந்தத் தேதியில் எவை மாறின என்று வரிசையாக எழுதி வைத்திருக்கும். இந்த வகையில் எனக்கு அதிகம் உதவிய தடயம் 25 விநாடி. செயலியைச் சொடுக்கினால் ஒன்றுமே நடக்காமல், ஏறக்குறைய 25 விநாடி கழித்துத் திறந்து, அதன்பின் வழக்கமான வேகத்தில் ஓடினால், அது டிபஸ் (செயலிகளும் சேவைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழி) காத்திருப்பு. செயலி யாரையோ கூப்பிட்டு, பதில் வராமல், விதித்த கெடு முடிந்து மேலே போகிறது என்று பொருள். டிபஸ்ஸின் இயல்புக் கெடு 25 விநாடிதான். கூப்பிடப்பட்டவர் பெரும்பாலும் ‘எக்ஸ்டிஜி டெஸ்க்டாப் போர்ட்டல்’ என்ற சேவையாக இருக்கும். ‘ஜர்னல்சிடிஎல் மைனஸ் மைனஸ் யூசர் மைனஸ் பி’ அடித்து, அந்தப் பெயரோடு ‘டைம்ட் அவுட்’ என்று வரி இருக்கிறதா பாருங்கள்.

படம் வரைவது யார்?

புதுக் கர்னலில் மட்டும் மந்தம் என்றால் முதல் சந்தேகம் கிராஃபிக்ஸ் மேல். சன்னலைப் பிடித்து இழுத்தால் அம்பு முன்னே போய் சன்னல் பின்னால் வருகிறதா? பக்கத்தை உருட்டினால் பட்டை பட்டையாகத் தெரிகிறதா? எந்தச் செயலியைத் திறந்தாலும் இப்படித்தானா? அப்படியானால் வேறெங்கும் போக வேண்டாம். ‘மேசா யூடில்ஸ்’ பொதியை நிறுவி, ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ மைனஸ் பெரிய பி’ ஓட்டுங்கள். டிவைஸ் என்ற வரியில் உங்கள் கார்டின் பெயர் வர வேண்டும். அங்கே ‘எல்எல்விஎம்பைப்’ என்று வந்து, ‘ஆக்சலரேட்டட்’ வரியில் ‘நோ’ என்று இருந்தால், கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, திரையில் தெரியும் அத்தனை புள்ளியையும் பிராசஸரே கணக்குப் போட்டு வரைகிறது. சமைக்கிறவரையே பந்தியும் பரிமாற விட்ட கதைதான். ‘டாப்’ ஓட்டினால் டெஸ்க்டாப்பை நடத்துகிற க்னோம் ஷெல் மேலேயே நின்று பிராசஸரைத் தின்றுகொண்டிருக்கும்.

எங்கள் இடத்தில் இது வந்தது என்விடியா ஜிடி 710 கார்டு போட்ட ஒரு சிஸ்டத்தில். உபுண்டு 22.04 வந்தபோது அதன் கர்னல் 5.15. ஆனால் டெஸ்க்டாப் பதிப்பு, புது வன்பொருளுக்காகக் கர்னலை அவ்வப்போது உயர்த்துகிற எச்டபிள்யூஇ என்ற வரிசையைப் பின்பற்றுவதால், 2023இல் 6.2, 2024இல் 6.5, பிறகு 6.8 என்று கர்னல் தானாகவே ஏறிக்கொண்டு போனது. என்விடியாவின் டிரைவர் மாட்யூல் கர்னலின் மூலத்துக்குள் இல்லை. வெளியே இருப்பதால், கர்னல் மாறும்போதெல்லாம் அதற்குப் பொருந்துகிறபடி மறுபடி கட்ட வேண்டும். அந்த வேலையை டிகேஎம்எஸ் செய்கிறது. அது தவறினாலும் ரீபூட் நடக்கும், லாகின் திரையும் வரும். மானிட்டர் 1024க்கு 768இல் பெரிய பெரிய எழுத்தோடு நிற்பதும், இன்க்ஸ்கேப்பில் ஒரு கோட்டை நகர்த்தினால் மூச்சு விட்டு மூச்சு விட்டு வருவதும்தான் அடையாளம்.

இதைச் சரிபார்க்க ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ போதும். என்விடியா, டிரைவர் எண், கர்னல் எண், கடைசியில் ‘இன்ஸ்டால்ட்’ என்று ஒவ்வொரு கர்னலுக்கும் ஒரு வரி வரும். பழைய கர்னலுக்கு வரி இருந்து, ‘யூநேம்’ காட்டிய புது எண்ணுக்கு வரியே இல்லையென்றால் நோயைப் பிடித்துவிட்டீர்கள். அடுத்து, ஏன் கட்டவில்லை என்று பாருங்கள்.

அதிகம் நடப்பது, மாட்யூல் கட்டத் தேவையான, புதுக் கர்னலின் ஹெடர் பொதி இல்லாமல் போவது. ‘லினக்ஸ் ஹெடர்ஸ்’ என்று தொடங்கி அதே கர்னல் எண்ணில் முடிகிற பொதியை நிறுவி, ‘சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்’ ஓட்டி ரீபூட் செய்தால் சரியாகிவிடும். 22.04இல் இன்னொரு சிக்கலும் உண்டு. 6.5 கர்னலை ஜிசிசி என்ற கம்பைலரின் 12ஆம் பதிப்பைக் கொண்டு கட்டினார்கள், 22.04இன் இயல்பு ஜிசிசியோ 11. பழைய ஜிசிசிக்குப் புரியாத ஒரு தெரிவு குறுக்கே வந்ததும் மாட்யூல் பாதியில் நின்றுவிடும். ‘வார்’ ஃபோல்டரில் ‘லிப்’, அதற்குள் ‘டிகேஎம்எஸ்’, அதற்குள் என்விடியா என்று போனால் ‘மேக் டாட் லாக்’ கிடைக்கும். அதன் அடிப்பகுதியில் ‘அன்ரெகக்னைஸ்டு கமாண்ட் லைன் ஆப்ஷன்’ என்று இருந்தால் ஜிசிசி 12ஐ நிறுவிவிட்டு மறுபடி கட்டச் சொல்லுங்கள்.

மாட்யூல் கட்டியாகிவிட்டது, ஆனாலும் ஏறவில்லையா? ‘சூடோ மாட்ப்ரோப் என்விடியா’ அடித்து, ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று பதில் வந்தால், தடுப்பது செக்யூர் பூட். கையெழுத்தில்லாத மாட்யூலை அது உள்ளே விடாது. டிரைவர் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டிருக்கும். அடுத்த ரீபூட்டில் நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது விசையை அழுத்துங்கள் என்று 10 விநாடி மட்டும் காத்திருக்கும். டீ எடுக்கப் போனால் அது கடந்து போயிருக்கும். ‘மோக்யூடில்’ கொண்டு சாவியை மறுபடி பதியச் சொல்லி, ரீபூட் செய்து, இந்தத் தடவை திரையைப் பார்த்துக்கொண்டே உட்காருங்கள். ‘என்ரோல் மோக்’ தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுத்தால் முடிந்தது. செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்று சொல்கிறவர்கள் நிறைய. சாவியைப் பதிவதற்கு அதைவிடக் கூடுதலாக இரண்டு நிமிடம்தான் ஆகும், பாதுகாப்பும் கையில் இருக்கும்.

கார்டு மிகப் பழசாக இருந்தால் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஃபெர்மி என்ற பழைய தலைமுறைக் கார்டுகளுக்கான 390 டிரைவருக்கு என்விடியாவின் ஆதரவு 2022 முடிவோடு போயிற்று. ஜிடி 710 போன்ற, அதற்கடுத்த கெப்ளர் தலைமுறைக் கார்டுகளுக்கான 470க்கு 2024 செப்டம்பரோடு முடிந்தது. வரப்போகிற ஒவ்வொரு கர்னலோடும் இவற்றை மல்லுக்கட்ட வைப்பதில் பலனில்லை. 22.04இல் எச்டபிள்யூஇ வரிசையை விட்டுவிட்டு 5.15க்கே திரும்பலாம், அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 வரை வரும். அல்லது என்விடியா பொதிகளை முழுக்க நீக்கிவிட்டு, கர்னலோடே வருகிற நூவோ டிரைவரில் ஓட்டலாம். விளையாட்டுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் நூவோ போதாது. பக்க வடிவமைப்புக்கும் எழுத்து வேலைக்கும் தாராளமாகப் போதும்.

இன்டெல் கிராஃபிக்ஸ் லேப்டாப்பில் டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருப்பதால் இந்தப் பாடெல்லாம் கிடையாது. அங்கே வருவது வேறு வகை. ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ’ ஒழுங்காக இன்டெல் பெயரைக் காட்டும், ஆனால் தட்டச்சு செய்த எழுத்து அரை விநாடி கழித்து வரும், மவுஸ் அம்பு நின்று நின்று குதிக்கும். பேனல் தானே தன்னைப் புதுப்பித்துக்கொள்கிற மின்சிக்கன வசதி சில லேப்டாப்களில் செய்யும் வேலை இது. ‘ஐ915 டாட் எனேபிள் அண்டர்ஸ்கோர் பிஎஸ்ஆர் சமம் 0’ என்ற அளவுருவால் அதை அணைக்கலாம். நிரந்தரமாகப் போடுவதற்கு முன் ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் சோதியுங்கள். கிரப் மெனுவில் கர்னல் வரியில் நின்று ஆங்கில இ எழுத்தை அழுத்தினால் அமைப்பு திறக்கும். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் இதைச் சேர்த்து எஃப்10 தட்டினால் அந்த ஒரு தடவை மட்டும் அப்படி ஓடும், அடுத்த ரீபூட்டில் பழையபடி. இனி வரும் எந்த அளவுருவையும் இதே வழியில்தான் சோதிக்க வேண்டும்.

பிராசஸரின் வேகம்

பலரும் பிராசஸரின் வேகத்தை ஆளும் முறையைக் காட்டுகிற கவர்னர் ஃபைலைத் திறந்து, ‘பவர்சேவ்’ என்று பார்த்ததும் கிடைத்துவிட்டது காரணம் என்று முடிவு கட்டுகிறார்கள். இன்டெல் பிஸ்டேட் டிரைவரில் ‘பவர்சேவ்’ என்பதுதான் சாதாரண நிலை. தேவைப்பட்டால் வேகம் முழுசாக ஏறும். ஏஎம்டியில் 6.5இலிருந்து பொருத்தமான பிராசஸர்களுக்கு ஏஎம்டி பிஸ்டேட் டிரைவரின் புது முறை இயல்பாக ஓடுகிறது. அதற்கு முன் ‘ஷெட்யூடில்’ என்று காட்டிய இடத்தில் இப்போது ‘பவர்சேவ்’ என்று காட்டும். அந்தப் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு பெரிய பிடிஎஃப்பை எக்ஸ்போர்ட் செய்ய விட்டுவிட்டு, அது ஓடும்போதே ‘கிரெப் மெகாஹெர்ட்ஸ்’ என்று பிராக் ஃபோல்டரின் சிபியூஇன்ஃபோவில் தேடுங்கள். எழுத்துகள் எம், எச், இசட் மட்டும், எம்மும் எச்சும் பெரியவை, இசட் சிறியது. வேலை ஓடும்போதும் எல்லாக் கோரும் 400இலோ 800இலோ அசையாமல் நின்றால்தான் பிரச்சினை. ‘பவர்ப்ரொஃபைல்ஸ்சிடிஎல் கெட்’ அடித்தால் ‘பவர் சேவர்’ என்று வருகிறதா பாருங்கள். ‘செட் பேலன்ஸ்டு’ கொடுத்தால் தீரலாம். லேப்டாப்பானால் சொந்த சார்ஜரை மாட்டியும் பாருங்கள், வாட் குறைந்த சார்ஜருக்கு வேகத்தைக் குறைத்துவிடும் மாடல்கள் இருக்கின்றன. இரண்டிலும் தீராவிட்டால், ஏஎம்டியில் ‘ஏஎம்டி அண்டர்ஸ்கோர் பிஸ்டேட் சமம் பாசிவ்’ என்பதை ஒரு பூட்டுக்குச் சோதிக்கலாம்.

எங்கே காத்திருக்கிறது?

கிராஃபிக்ஸும் வேகமும் சரியாக இருந்தும் மந்தம் என்றால், நான் போவது பிராக் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘பிரஷர்’ ஃபோல்டருக்கு. 4.20 கர்னலில் வந்த வசதி இது. ஏன் அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. சிபியூ, ஐஓ, மெமரி என்று மூன்று ஃபைல். ஒவ்வொன்றிலும் ‘சம்’ என்று தொடங்கும் வரியில் ‘ஏவிஜி10’ என்று ஓர் எண். போன 10 விநாடியில் எத்தனை சதவீத நேரம் ஏதாவது ஒரு வேலை அந்த வளத்துக்காகக் காத்து நின்றது என்பதைச் சொல்லும். செயலி தொங்கும்போது மூன்றையும் ‘கேட்’ செய்து பாருங்கள். ஐஓ மட்டும் 60, 70 என்று ஏறியிருந்தால் வட்டுப் பக்கம் போங்கள். ‘சூடோ டிமெசேஜ்’ (எழுத்துகள் டி, எம், இ, எஸ், ஜி மட்டும்) வெளியீட்டில் ஏடிஏ பெயரோடு ‘ஹார்டு ரீசெட்டிங் லிங்க்’ என்று திரும்பத் திரும்ப வந்தால் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். என்விஎம்இ பெயரோடு ‘டைம்அவுட்’ வந்தால் அந்த எஸ்எஸ்டியின் மின்சிக்கன நிலைதான் சந்தேகத்துக்குரியது. மெமரி ஏறியிருந்தால் ரேம் போதவில்லை. மூன்றும் பூஜ்யத்தை ஒட்டியிருந்தால், செயலி வேறெதற்கோ காத்திருக்கிறது, மேலே சொன்ன டிபஸ் மாதிரி.

‘டாப்’ பட்டியலில் கர்னலின் பின்னணி வேலையாளான ‘கேவொர்க்கர்’ ஒன்று விடாமல் ஒரு கோரைத் தின்றுகொண்டிருந்தால், ஏதோ ஒரு வன்பொருள் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. சிஸ் ஃபோல்டரில் ஃபர்ம்வேர், ஏசிபிஐ, இன்டரப்ட்ஸ் என்று உள்ளே போய், ‘ஜிபிஇ’ என்று தொடங்கும் ஃபைல்களில் எந்த எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறுகிறது என்று பாருங்கள். பயாஸ் அப்டேட் இருந்தால் முதலில் அதைப் போட வேண்டும்.

அபூர்வமாக வருவது கடிகாரம். கர்னல் வழக்கமாக நேரத்தை பிராசஸருக்குள்ளேயே இருக்கும் டிஎஸ்சி என்ற கடிகாரத்திலிருந்து எடுக்கும். அதை நம்ப முடியவில்லை என்று கர்னல் முடிவு செய்தால், பிராசஸருக்கு வெளியே இருக்கும் எச்பெட் என்ற கடிகாரத்துக்கு மாறிவிடும். டிஎஸ்சி இருக்கும்வரை செயலி கர்னலுக்குள் போகாமலே நேரத்தைப் படித்துக்கொள்ளும், எச்பெட்டில் ஒவ்வொரு தடவையும் உள்ளே போய் மெதுவான வன்பொருளைக் கேட்டு வர வேண்டும். பிரவுசர் ஓயாமல் நேரம் பார்க்கிற செயலி, அதனால் அங்கே முதலில் தெரியும். டிமெசேஜில் ‘மார்க்கிங் க்ளாக்சோர்ஸ் டிஎஸ்சி ஆஸ் அன்ஸ்டேபிள்’ என்று தேடுங்கள். இதற்கும் முதல் மருந்து பயாஸ் அப்டேட்தான். டிஎஸ்சியை நம்பு என்று கர்னலை வற்புறுத்தும் அளவுரு இருக்கிறது, ஆனால் சந்தேகம் நியாயமாக இருந்தால் சிஸ்டத்தின் நேரமே பிசகும்.

வைனில் ஓடும் விண்டோஸ் நிரல் ஒன்று மட்டும் படுத்துவிட்டதென்றால், டிமெசேஜில் ‘ஸ்பிளிட் லாக்’ என்று பாருங்கள். 2022இல் வந்த 5.19 கர்னல், புதிய இன்டெல் பிராசஸர்களில் இந்த வகைப் பூட்டுப் போடுகிற நிரலை வேண்டுமென்றே மெதுவாக்கியது. சில விளையாட்டுகள் ஓடவே முடியாதபடி திணறின. அதனால் 6.2இல் ‘கர்னல் டாட் ஸ்பிளிட் அண்டர்ஸ்கோர் லாக் அண்டர்ஸ்கோர் மிட்டிகேட்’ என்ற சிஸ்கன்ட்ரோல் அமைப்பைக் கொடுத்தார்கள். அதை 0 ஆக்கினால் தண்டனை நீங்கும்.

இவ்வளவையும் பார்க்காமல் ‘மிட்டிகேஷன்ஸ் சமம் ஆஃப்’ போடச் சொல்கிற அறிவுரையை தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் தொடங்கி வந்த ஓட்டைகளுக்கான அத்தனை அடைப்பையும் அந்த ஒரு சொல் பிடுங்கிவிடும். முன்பின் தெரியாத தளங்களின் ஜாவாஸ்கிரிப்ட் நாள் முழுக்க ஓடுகிற டெஸ்க்டாப்பில் அது சரியே இல்லை.

கர்னல்தான் குற்றவாளி என்றால்

அப்படியும் நடப்பதுண்டு. 4.20 உருவான நாட்களில், 2018 நவம்பரில், எஸ்டிஐபிபி என்ற பாதுகாப்பு எல்லா நிரலுக்கும் இயல்பாகச் சேர்க்கப்பட்டு, ஹைப்பர்த்ரெடிங் (ஒரே கோரில் இரண்டு வேலையை ஒரே நேரத்தில் ஓட்டும் வசதி) உள்ள சிஸ்டங்கள் கணிசமாக வேகம் இழந்தன. பயனர்கள் அளந்து எண்ணோடு சொன்னார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே தலையிட்டு, 4.20 வெளியாவதற்குள் தேவைப்படுகிற நிரல்களுக்கு மட்டும் என்று மாற்ற வைத்தார். பயனரிடம் நேற்று ஓடியது இன்று கெடக்கூடாது என்பது கர்னல் உலகின் முதல் விதி, அதை அவர்கள் நிஜமாகவே மதிக்கிறார்கள். ஆகவே புகார் எழுதத் தயங்காதீர்கள். ‘உபுண்டுபக் லினக்ஸ்’ என்று இடையில் சிறுகோட்டோடு அடித்தால் தேவையான விவரங்களை அதுவே திரட்டும். எந்த எண்ணில் நன்றாக இருந்தது, எந்த எண்ணில் கெட்டது, நீங்கள் எடுத்த இரண்டு விநாடிக் கணக்கு, இந்த மூன்றும் இருந்தால் அந்தப் புகாரை எடுத்துப் பார்ப்பார்கள். சொந்தமாகக் கர்னல் கட்டத் தெரிந்தவர்கள் ‘கிட் பைசெக்ட்’ செய்தால் குற்றம் செய்த மாற்றத்தையே பிடிக்கலாம். இரண்டு பதிப்புகளுக்கு இடையில் 14,000 மாற்றம் இருந்தாலும் பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போனால் 14 சுற்றில் வந்துவிடும்.

பதில் வரும்வரை பழைய கர்னலில் வேலை நடக்கட்டும். ‘ஈடிசி’ ஃபோல்டரில் ‘டிஃபால்ட்’, அதற்குள் ‘கிரப்’ என்ற ஃபைலில் ‘கிரப் அண்டர்ஸ்கோர் டிஃபால்ட்’டை ‘சேவ்டு’ என்றும், ‘கிரப் அண்டர்ஸ்கோர் சேவ்டிஃபால்ட்’டை ‘ட்ரூ’ என்றும் போட்டு, ‘சூடோ அப்டேட் மைனஸ் கிரப்’ ஓட்டுங்கள். ஒருமுறை மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்தால் பிறகு அதையே நினைவில் வைத்துக்கொள்ளும். புதுக் கர்னல் இறங்குவதையே நிறுத்த ‘ஆப்ட் மைனஸ் மார்க் ஹோல்டு’ உண்டு, கர்னலின் மெட்டா பொதிப் (புதுக் கர்னலை இழுத்து வரும் பொதி) பெயரைக் கொடுக்க வேண்டும். ஆனால் அதோடு கர்னலுக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிடும். ஹோல்டு போட்ட தேதியை மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த கர்னல் வெளிவந்ததும் ‘அன்ஹோல்டு’ கொடுத்து, ஏற்றி, அதே ஃபைலைத் திறந்து அதே ஸ்டாப்வாட்சில் பாருங்கள்.